கல்யாணப் பத்திரிகையில் ‘தகைசால் பேராசிரியர்’ போடலாமா?

அக்ரகாரம் பிரஸ்காரன்:
சேலத்தில் சின்னதாக டி.டி.பி., பிரிண்டிங் வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் வரவேற்பு வைத்திருக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்திருக்கிறது. பெண்ணின் தாத்தா விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘தகைசால் பேராசிரியர் முனைவர்’ என்று போடச் சொல்கிறார் அவர் மருமகன். புரூஃப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா, தன் பெயருக்கும் ‘டாக்டர்’ வேண்டும் என்கிறார். அவருடையது கௌரவப் பட்டம். கார்டில் இடம் இல்லை என்பது வேறு கதை. எது முறை?

அழகாபுரம் சூப்பிரண்டெண்ட்:
தம்பி, கல்லூரி ஆபீஸில் இந்த மாதிரி கோப்புகளோடுதான் காலம் தள்ளினேன். முனைவர் என்பது ஆராய்ச்சி செய்து வாங்கியது, கடைசிவரை கூட வரும். பேராசிரியர் என்பது பதவி. ரிட்டயர் ஆன பிறகு எழுத்தில் ‘மேனாள் பேராசிரியர்’தான். வாயால் கூப்பிடுவதற்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பச்சையப்பன் கல்லூரியை விட்டு அரசியலுக்கு வந்த க. அன்பழகனைக் கடைசிவரை பேராசிரியர் என்றுதானே அழைத்தோம்!

தகைசால் என்பது, அதாவது ஆங்கிலத்தில் எமரிட்டஸ், ஓய்வு பெற்ற எல்லோருக்கும் தானாக வருவதில்லை. பல்கலைக்கழகம் ஆணை போட்டுக் கொடுக்க வேண்டும். போடும்போது துறை, பல்கலைக்கழகம் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும், வெறுமனே பெயருக்கு முன்னால் ஒட்டக் கூடாது. அதனால் ஆணை நகலைக் கேளுங்கள். தேதியையும் பாருங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) முன்பு கொடுத்த எமரிட்டஸ் ஃபெல்லோஷிப் 2 வருட உதவித்தொகை. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆயுளுக்கும் தகைசால் போடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று. பெரியார் பல்கலைக்கழகமே 1997இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஓய்வு பெற்ற சேலத்துக் கல்லூரி ஆசிரியருக்கு ‘பெரியார் பல்கலைக்கழக மேனாள் பேராசிரியர்’ என்று எழுதிக் கொடுத்தால் அச்சடித்து விடாதீர்கள்.

சேர்வராயன் காபி:
மாப்பிள்ளை வீட்டுத் தாத்தாவுக்கு என்ன சொல்வது, அதைச் சொல்லுங்கள் சார். கல்யாணம் நின்றுவிடப் போகிறது.

அழகாபுரம் சூப்பிரண்டெண்ட்:
கௌரவப் பட்டம் என்றால் ‘மதிப்புறு முனைவர்’ என்று போடுவது நேர்மை. வெறும் ‘டாக்டர்’ என்று போட்டால் மண்டபத்தில் யாராவது மயங்கி விழும்போது அவரைத்தான் தேடுவார்கள். பத்ம விருதையே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கௌரவ டாக்டருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது, ஆனாலும் பேச்சுக்கு உதவும்.

அக்ரகாரம் பிரஸ்காரன்:
மருமகன் கொண்டுவந்தது நீங்கள் சொன்ன அதே யுஜிசி கடிதம்தான் ஐயா, 2009 தேதி. பெண்ணின் தாத்தாவிடமே போனில் கேட்டேன். “முனைவர் மட்டும் போதும்ப்பா, கல்யாணத்துக்கு வர்றவங்க என் பயோடேட்டாவா பார்க்கப் போறாங்க?” என்றார். மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா ‘மதிப்புறு’ வேண்டாம் என்கிறார், ‘டாக்டரை’யும் விடமாட்டேன் என்கிறார். நாளைக்கு பிளேட் போட வேண்டும். பெண்ணின் அப்பா தலையில் கட்டிவிட்டேன், அவர் பேசிக்கொள்ளட்டும்.