ஒரே டீசல், மூன்று அமில எண்: எலெக்ட்ரோடு போய்விட்டதா?

பீன்யா லேப்: பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன எண்ணெய் லேபில் வேலை, சேர்ந்து எட்டு மாதம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் டேங்கில் ஒரு வருஷமாகக் கிடந்த டீசல் வந்திருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கிறதாம். ஏஎஸ்டிஎம் டி664 முறையில் (எலெக்ட்ரோடு காட்டும் மில்லிவோல்ட்டை வைத்து எண்ணெயின் அமிலத்தை அளப்பது), 2 கிராமை டொலுயீன், ஐசோபுரொப்பனால் கலவையில் கரைத்து, ஆல்கஹாலில் கரைத்த 0.1 மோலார் கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கொஞ்சம் கொஞ்சமாக விட்டு டைட்ரேட் செய்தேன். அமில எண், அதாவது ஒரு கிராம் டீசலில் உள்ள அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் கேஓஹெச் வேண்டும் என்பது, முதலில் 0.08, அடுத்து 0.21, அப்புறம் 0.13. மில்லிவோல்ட் ஓர் இடத்தில் நிற்பேனா என்கிறது. புது எலெக்ட்ரோடு கேட்டால் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பழைய பியூரெட்: தம்பி, எலெக்ட்ரோடு இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள். அமில எண் 0.1 என்றால் 2 கிராமுக்கு 0.036 மில்லி கேஓஹெச் போதும். உங்கள் 0.08க்கும் 0.21க்கும் உள்ள வித்தியாசம் 0.05 மில்லிகூட இல்லை. கேஓஹெச் விடும் அளவுக் குழாயான பியூரெட்டின் முனையில் தொங்கும் ஒரு சொட்டு! 20 கிராம் எடுங்கள். டீசலில் என்ன சிக்கனம்? வெறும் கரைப்பானை மட்டும் வைத்து ஒரு பிளாங்க் ஓட்டி, அதையும் கழித்துவிடுங்கள்.

எலெக்ட்ரோடுக்குள் பொட்டாசியம் குளோரைடு நீர்க்கரைசலா இருக்கிறது? அந்த உப்பு ஐசோபுரொப்பனாலில் கரையாது, எலெக்ட்ரோடின் கரைசல் வெளியே கசியும் நுண்துளைப் பகுதியான டயஃப்ரத்தில் படிந்து அடைத்துவிடும். நன்றாக அலசிவிட்டு, எத்தனாலில் கரைத்த லித்தியம் குளோரைடு ஊற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஐந்து நிமிஷம் தண்ணீரில் நிற்க வையுங்கள், கண்ணாடிச் சவ்வுக்கு ஈரம் வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு நல்ல எலெக்ட்ரோடைக் குப்பையில் போட்டவன்.

சோடா லைம்: கேஓஹெச் பாட்டிலைத் திறந்தே வைத்திருக்கிறீர்களா? காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு வீரியம் இறங்கிவிடும். பாட்டில் வாயில் அந்த வாயுவை உறிஞ்சும் சோடா லைம் குழாய் மாட்டி, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் (எடை போட்டுச் செறிவு சரிபார்க்கும் அமில உப்பு) வைத்து கேஓஹெச் செறிவை மறுபடி பாருங்கள்.

பீன்யா லேப்: பியூரெட் அண்ணா, டயஃப்ரம் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு! அலசி மாற்றி, 20 கிராமில் மூன்று முறை ஓட்டினேன்: 0.11, 0.12, 0.11. டைட்ரேஷன் கர்வில் முடிவுப் புள்ளியின் வளைவு பளிச்சென்று விழுகிறது. ஆனால் இந்த அமிலத்துக்கா ஃபில்டர் அடைக்கிறது? சுத்த பயோடீசலுக்கே 0.50 வரை விடுகிறார்கள்.

பழைய பியூரெட்: அடைப்புக்குக் காரணம் வேறாக இருக்கலாம். டேங்க் அடியிலிருந்து எடுத்த சாம்பிளா? அடியில் தண்ணீர் நின்றால் கிருமி வளர்ந்து கொழகொழவென்று படியும்.

பீன்யா லேப்: மேலிருந்துதான் எடுத்தார்களாம். அடிக் குழாயைத் திறந்து ஒரு பாட்டில் பிடித்து வைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.