கேஷ் கிளியர் பண்ணா அம்மா பணம் போயிடுமா? அவசரம்

கோத்தகிரிக்காரன்:
ஆப் திறந்தா சுத்திட்டே இருக்குங்க, கஸ்டமர் கேர்ல கேட்டா கேஷ் கிளியர் பண்ணுங்கன்னு சொல்றாங்க, நேத்துதான் அம்மாவுக்கு தேயிலைக்கு வர்ற இலைக்காசு ஏறுச்சு, கிளியர் பண்ணா காசு போயிடும்னு போனையே தர மாட்டேங்கிறாங்க. பண்ணலாமா வேண்டாமா?

குன்னூர் தம்பி:
எந்த ஆப்? என்ன போன்? ஒண்ணுமே சொல்லலையே.

மஞ்சூர்வாசி:
ஆப்ல ஒண்ணும் இருக்காதுங்க, டவர்தான். மூட்டம் எறங்குனா இங்கயும் இப்படித்தான் சுத்தும்.

மலைக்கணினி:
கேக்கறதுக்கு முன்னாடி ஸ்பெல்லிங்க பாக்கணும் தம்பி, எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்றது. சி ஏ எஸ் ஹெச் இல்ல, சி ஏ சி ஹெச் ஈ. ஒளிச்சு வைக்கிறதுக்கான பிரெஞ்சு வார்த்தைல இருந்து வந்தது. அடிக்கடி வேணுங்கிற படத்தையெல்லாம் ஒவ்வொரு தடவையும் நெட்ல இருந்து இறக்காம போன் தன்கிட்டயே எடுத்து வச்சுக்கும், அதான் கேஷ். பணம் பேங்க் சர்வர்ல இருக்கு.

கூடலூர் அக்கா:
காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதானே, அந்தம்மா பயந்ததுல என்ன தப்பு? தம்பி, செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் அந்த ஆப்ல ஸ்டோரேஜ் தொடுங்க. கிளியர் கேஷ் மட்டும் அமுக்குங்க. பக்கத்துலயே கிளியர் டேட்டா இருக்கும், சில போன்ல கிளியர் ஸ்டோரேஜ்னு இருக்கும், அதைத் தொட்டுடாதீங்க, ஆப் புதுசா போட்ட மாதிரி ஆயி திரும்ப எல்லாம் பதியணும். எங்க மாமியார் வாட்ஸப்புக்கு அதை அமுக்கிட்டாங்க, பேக்கப்பும் இல்ல, பழைய மெசேஜ் பூரா போச்சு.

குன்னூர் தம்பி:
அந்த கஸ்டமர் கேர் நம்பர் எங்க கிடைச்சுது? ஓடிபி கேட்டாங்கன்னா உடனே வச்சுடுங்க, காசு போயிருந்தா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

தமிழ்த்தும்பி:
தமிழ்ல போட்டிருந்தா இந்தக் குழப்பமே இல்ல. தற்காலிகச் சேமிப்பை அழி, அவ்வளவுதான்.

கூடலூர் அக்கா:
சேமிப்பை அழின்னா இன்னும்ல பயப்படுவாங்க? வீட்ல சேமிப்புன்னாலே காசுதானே.

தமிழ்த்தும்பி:
அப்ப தேக்கம்னு வைக்கலாம், தண்ணி தேக்கி வைக்கிற மாதிரிதானே. புரியலன்னு ஒவ்வொண்ணையும் இங்கிலீஷ்லயே விட்டா எப்பதான் புரியும்?

மலைக்கணினி:
போன்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் சொல்லித் தரணும். தேக்கத்தைத் தேடி அவர் எந்த பட்டனை அமுக்குவாரு?

மஞ்சூர்வாசி:
டவரையும் ஒரு தடவ பாத்துடுங்க.

கோத்தகிரிக்காரன்:
பேங்க் ஆப், ஆண்ட்ராய்டு. நம்பர் பாஸ்புக்ல இருந்ததுதான், ஓடிபி எதுவும் கேக்கல. கேஷ் மட்டும் அமுக்கினேன், திறந்துடுச்சு. அம்மா இலைக்கணக்குச் சீட்டை எடுத்து வச்சு ஒத்துப் பாத்தாங்க, சரியா இருக்கு. நன்றி அக்கா.