பூட்டான்: ஓர் இரவுக்கு 100 டாலர் கட்டணம் சரியா?

வழிப்போக்கன்:
கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்த பூட்டான் அரசு, வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் எஸ்.டி.எஃப். என்ற நீடித்த வளர்ச்சிக் கட்டணத்தை ஓர் இரவுக்கு 65 டாலரிலிருந்து 200 ஆக்கியது. ஓராண்டு கூடத் தாங்கவில்லை. 2023 செப்டம்பரில் 100 ஆகக் குறைத்தது. இதற்குப் பெயர் சீர்திருத்தமா? இரண்டரை ஆண்டு விடுதிகள் பூட்டிக் கிடந்த நாட்டில், திறந்த அன்றே கட்டணத்தை மும்மடங்காக்கலாமா?

பனிமலை:
பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டீர்களே. முன்பு வெறும் 65 டாலர் கட்டிவிட்டு யாரும் உள்ளே போக முடியாது. சீசனில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 டாலருக்குப் பேக்கேஜ் வாங்கியாக வேண்டும். அறை, சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கட்டாயத்தை எடுத்ததுதான் உண்மையான சீர்திருத்தம். எப்படியும் 250 வந்துவிடும் என்றிருந்த ஏஜென்ட்கள் இப்போது போட்டி போட வேண்டியிருக்கிறது.

வழிப்போக்கன்:
போடட்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்பு 250-க்குள் எல்லாம் முடிந்தது. 2022-இல் அரசுக்கு மட்டுமே 200. அறையும் சோறும் தனி. பணக்காரருக்கு இது உறைக்காது. இரண்டு வாரம் தங்கிக் கிழக்கே திராஷிகாங் வரை போக நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். இரவுக் கணக்கில் வாங்கினால் மேற்கே உள்ள பாரோ, திம்பு, புனாக்கா மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் தோன்றும். அரசுக்கே இது புரிந்துதான் 2023 ஜூனில் நான்கு நாளுக்குக் கட்டினால் மேலும் நான்கு நாள் இலவசம் என்றது. சில மாதத்தில் மறுபடி மாற்றம். ஓராண்டு முன்னதாகவே டூர் விற்கும் வெளிநாட்டு நிறுவனம் எந்த விலையை அச்சடிக்கும்?

பனிமலை:
தடுமாற்றத்தை நான் ஆதரிக்கவில்லை, கட்டணத்தை ஆதரிக்கிறேன். எட்டு லட்சம் பேர் கூட இல்லாத நாட்டுக்கு 2019-இல் சுமார் 3,15,000 பயணிகள் வந்தார்கள். அந்த ஆண்டுதான் பைக்கில் வந்த ஒருவர் தோச்சுலா கணவாயில் சோர்த்தென் என்ற பௌத்த ஸ்தூபி மீது ஏறி நின்று படமெடுத்துக்கொண்டார். அங்கே அது வழிபாட்டுச் சின்னம், ஐயா!

தேன்மொழி:
ஏறியவர் எந்த நாட்டவர் என்பதையும் சொல்லிவிடுங்கள்: இந்தியர். 2019-இல் வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இந்தியா, வங்கதேசம், மாலத்தீவிலிருந்து வந்தவர்கள். அப்போது இந்தக் கட்டணம் அவர்களுக்குக் கிடையாது. டாலர் கட்டியவர்கள் வெறும் எழுபதாயிரம் சொச்சம். கூட்டம்தான் சிக்கல் என்றால், அந்தச் சிலரை 200 டாலர் கேட்டு விரட்டியது யாருக்கோ வந்த காய்ச்சலுக்கு யாருக்கோ கஷாயம் கொடுத்த கதை. நம்மிடம் இப்போது இரவுக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்களே, அதுதான் சரியான மருந்து. நான்கு பெரியவர்கள் ஆறு இரவு தங்கினால் 28,800 ரூபாய். புலம்புகிறோம், ஆனால் நியாயம்தான்.

வழிப்போக்கன்:
நியாயமா? எல்லை நகரமான புன்ட்ஷோலிங்கில் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நடுத்தரக் குடும்பம் இந்திய எல்லை ஊரான ஜெய்காவ்ன் பக்கமிருந்து நுழைந்து, சுற்றிப் பார்த்து, மோமோ சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பும். உள்நாட்டு விடுதிக்காரருக்கு அதில் என்ன கிடைக்கும்?

பனிமலை:
உள்ளே போகிறவர் கட்டும் பணம் அங்கே இலவச மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் போகிறது. 100 டாலர் 2027 ஆகஸ்ட் வரை மாறாது என்று அறிவித்தும் விட்டார்கள். இன்னும் என்ன வேண்டும்?

தேன்மொழி:
அதற்குப் பிறகு என்ன விலை என்று இப்போதே சொல்ல வேண்டும். சர்வதேச விமான நிலையம் இருக்கும் பாரோவுக்கு வழக்கமாகப் பறப்பவை இரண்டே நிறுவனங்கள், இரண்டும் பூட்டானுடையவை. அந்த டிக்கெட் விலையைப் பற்றி நீங்கள் இருவருமே வாய் திறக்கவில்லையே?