ஃபாஸ்டிங் 112: "ராத்திரி ரெண்டு இட்லிதானே சாப்பிட்டேன்?"

லேப் டெக்னீஷியன்:
காலையில வெறும் வயித்துல சர்க்கரை டெஸ்டுக்கு (ஃபாஸ்டிங்) கை நீட்டுறவங்க அதிகம் கேக்குற கேள்விதான் தலைப்புல இருக்கு. பதிலுக்கு நான் கேக்குறது: எத்தனை மணிக்குப் படுத்தீங்க? பாதிப் பேர், "வேலை டென்ஷன், ஒரு மணி ஆயிடுச்சு"ம்பாங்க. சாப்பிடாம இருக்கும்போது சர்க்கரையை ரத்தத்துல விடுறது கல்லீரல். அதை இன்னும் விடச் சொல்லித் தூண்டுற டென்ஷன் ஹார்மோன் கார்டிசோல் விடிகாலையில தானாவே ஏறும், கண் முழிச்ச அரை மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். தூக்கமும் கெட்டு மனசும் கொதிச்சா, 'போதும், நிறுத்து'ன்னு இன்சுலின் சொல்றதைக் கல்லீரல் சரியாக் கேக்காது.

அதனால டெஸ்டுக்கு முந்தின ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குங்க. எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு. வண்டியை விரட்டிட்டு வந்தா பத்து நிமிஷம் உக்காந்துட்டு ரத்தம் குடுங்க. காய்ச்சல் இருந்தா தள்ளிப் போடுங்க. ஃபாஸ்டிங் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற டெஸ்ட்) 5.7 முதல் 6.4 வரை, இதுதான் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ரத்தசோகை இருந்தா ஹெச்பிஏ1சி ஏமாத்தும்; இரும்புச்சத்துக் குறைவுல நிஜத்தைவிடக் கூடுதலா காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்க.

டயட்டீஷியன்:
டென்ஷன் வரும்போது கூடவே டீயும் வரும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். ஐந்து டீ, 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பிஸ்கட், பஜ்ஜி தனிக்கணக்கு.

"இன்றோடு சர்க்கரை இல்லை" என்று சபதம் எடுத்தவர்கள் பெரும்பாலும் நான்காம் நாள் ஸ்வீட் பாக்ஸைத் திறப்பார்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறுவது குறைப்பதாகாது, அதுவும் சர்க்கரைதான். மதியச் சாப்பாட்டை மானிட்டர் முன்னால் விழுங்குகிறவர்களுக்கு நாலு மணிக்குப் பசி அடித்துக்கொண்டு வரும். அந்த நேரத்துக்கு ஒரு கப் சுண்டலை முன்கூட்டியே மேஜையில் வைத்துவிடுங்கள். நான்கு மணிக்குப் பிறகு காபி, டீ இரண்டும் வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் கஃபீனில் பாதி உடம்பில் இருக்கும்.

யோகா பயிற்றுநர்:
மூச்சுப் பயிற்சி கேட்டு வருகிறவர்கள் நேரே கபாலபாதியில் (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) இறங்குகிறார்கள். அது அமைதிக்கானதல்ல, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். தேவை இதுதான்: மூக்கால் நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். தோள் ஏறினால் மேல்மூச்சுதான் வாங்குகிறீர்கள். தலை சுற்றி விரல் நுனி மரமரத்தால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். கரியமில வாயு குறைந்துவிடுகிறது. ஆழத்தைக் குறையுங்கள், நிதானம் மாறக் கூடாது.

இதற்காக நாலரை மணிக்கு அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கெடுப்பது நஷ்டம். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு செய்யுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூச்சு மட்டும் சர்க்கரை நோயைத் தடுக்காது. 2006-இல் வெளியான சென்னை ஆய்வில் (இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்) உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்கு 26.4. தினமும் விடாமல் நடக்க மனசு ஒத்துழைக்கத்தான் மூச்சு.

செவிலியர்:
நடைன்னதும் ஒண்ணு. ராத்திரி சாப்பிட்டு 15 நிமிஷம் நடங்க. வேலை செய்யுற தசை இன்சுலினை அவ்வளவா எதிர்பார்க்காமலே சர்க்கரையை உறிஞ்சும். ஆனா ஃபோன்ல மேனேஜரோட சண்டை போட்டுக்கிட்டே நடந்தா கால்தான் நடக்குது, மத்ததெல்லாம் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கு. ஃபோனை வீட்டுல வைங்க.

எடையைவிட இடுப்பைப் பாருங்க. பேண்ட் பட்டன் இருக்கிற இடம் இல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்சை விட்டதும் டேப் வைக்கணும். ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80. அதைத் தாண்டினா உஷார்.

எல்லாத்தையும் டென்ஷன் தலையில கட்டாதீங்க. தாகம், ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, காரணமில்லாம எடை இறங்குறது இருந்தா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுத்தா அதையும் சொல்லுங்க, சர்க்கரையை ஏத்தும்.

லேப் டெக்னீஷியன்:
சிஸ்டர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. பத்து நாள் நடந்துட்டு ஹெச்பிஏ1சி எடுக்க வராதீங்க. சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள், அதனால மூணு மாசம் கழிச்சுத்தான் மாத்தம் சரியாத் தெரியும். அதே லேப்ல குடுங்க. பழைய ரிப்போர்ட்டையும் கையோட கொண்டுவாங்க.