ஓர் ஆர்பிஜி விளையாட்டுக்கு 30 மணி நேரம் போதுமா?

தனிவழியன்:

2025 ஏப்ரலில் வெளியான 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற ஆர்பிஜி (கதாபாத்திரங்களை ஏற்று வளர்த்து ஆடும் வகை) வீடியோ விளையாட்டை வாங்குவதா வேண்டாமா என்று யோசித்து வருகிறேன். அதன் போர்முறையும் இசையும் என்னை ஈர்த்திருக்கின்றன; தயக்கம் முழுவதும் அதன் நீளத்தைப் பற்றியது. முதன்மைக் கதையை மட்டும் பின்தொடர்ந்தால் ஏறத்தாழ 30 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஆடியவர்கள் கூறுகிறார்கள். நான் இதுவரை ரசித்து ஆடிய ஆர்பிஜிகளோ 'பெர்சோனா 5', 'தி விட்சர் 3' போன்று 100 மணி நேரத்தைச் சாதாரணமாகத் தொடுபவை. அவற்றில் முதல் 30 மணி நேரம் அந்த உலகத்தையும் அதன் மனிதர்களையும் அறிந்துகொள்ளவே சரியாக இருந்தது.

எனக்கு இரண்டு ஐயங்கள். கதாபாத்திரங்களை வளர்த்து, ஆயுதங்களையும் திறன்களையும் சேர்த்து, ஓர் உலகத்துக்குள் வாழ்ந்து பார்ப்பதற்காகவே நாம் இந்த வகையைத் தேடிப் போகிறோம் என்னும்போது, இவ்வளவு குறைந்த நேரத்தில் அந்த நிறைவு கிடைக்குமா? அடுத்தது, முதன்மைக் கதைக்கு வெளியே உள்ள கூடுதல் பணிகளான சைடு குவெஸ்ட்களையும் சேர்த்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஆடியவர்கள் தரும் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம்? செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்று வைக்கப்பட்ட பகுதிகளை ஒரு விளையாட்டின் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிடுவது முறைதானா? கதையின் திருப்பங்களை வெளிப்படுத்தாமல் விடையளித்தால் நன்றியுடையவனாவேன்.

பகடை:

அந்த 30 என்னும் எண்ணையே முதலில் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் காணப்படும் மணிக்கணக்கு, விளையாடியவர்கள் தாங்களே பதிவுசெய்யும் நேரங்களிலிருந்து திரட்டப்படுவது. கதை மட்டும், கதையோடு கூடுதல் பணிகள், ஒன்றுவிடாமல் எல்லாம் என்று அது பிரித்துக் காட்டப்படுகிறது. கதையை முடித்துவிட்டு வந்து நேரத்தைப் பதிவுசெய்கிறவர் இயல்பாகவே அந்த விளையாட்டில் ஈடுபாடு கொண்டவராக இருப்பார்; சலித்துப்போய்ப் பாதியில் விட்டவரின் அனுபவம் அந்த எண்ணில் தெரியாது. உரையாடலை வாசித்த கணமே பொத்தானை அழுத்தித் தாண்டுகிறவரும், குரல் நடிப்பைக் கடைசிச் சொல்வரை கேட்கிறவரும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஆகவே 30 என்பது சிலருக்கு 25 ஆகவும், எதிரிகளின் தாக்குதலைத் தடுக்கக் கற்றுக்கொள்ளத் தடுமாறுகிறவருக்கு 40 ஆகவும் இருக்கலாம்.

ஆனால் என் முக்கியமான கருத்து வேறு. ஓர் ஆர்பிஜி நிறைவளிக்கிறதா என்பதை, அது முடியும்போது நீங்கள் இன்னும் புதிதாக எதையாவது முடிவுசெய்துகொண்டிருக்கிறீர்களா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். எந்தத் திறனை எதனோடு இணைப்பது, யாரை முன்னிறுத்துவது, எந்தத் தரப்பை நம்புவது என்ற கேள்விகள் உயிரோடு இருக்கும்வரை 100 மணி நேரம்கூட நீளமாகத் தோன்றாது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகும் விளையாட்டு தொடர்ந்தால், பத்தாவது மணி நேரத்திலேயே கை பழக்கத்தால் இயங்கத் தொடங்கிவிடும்.

1997இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டில் மிட்கார் நகரத்தைச் சில மணி நேரத்தில் கடந்து வெளியேறிவிடுகிறோம். 2020இல் வந்த அதன் மறு ஆக்கமோ அந்த ஒரு நகரத்தை மட்டுமே வைத்து 30 மணி நேரத்துக்கும் மேற்பட்ட முழு விளையாட்டாக விரிந்தது. ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் ஆகிய துணைப்பாத்திரங்களுக்கு அதில் கிடைத்த இடம் மிக நல்ல விரிவு; மூல விளையாட்டில் ஓரிரு காட்சிகளில் வந்துபோனவர்கள் அங்கே நாம் கவலைப்படும் மனிதர்களாகிறார்கள். அதே மறு ஆக்கத்தில் இடுக்கான பாதைகளில் மெல்ல ஊர்ந்து செல்வதிலும், இயந்திரக் கைகளை இயக்கி வழி அமைப்பதிலும் கழியும் நேரத்தை என்னால் அவ்வாறு பாராட்ட முடியவில்லை. இரண்டுமே மணிக்கணக்கில் ஒன்றாகத்தான் சேர்கின்றன.

சைடு குவெஸ்ட்களும் அப்படித்தான். 'தி விட்சர் 3' விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துப் பேயை விரட்டும் சிறு பணிக்குக்கூட அதில் ஒரு கதை இருக்கும், சில நேரங்களில் கதையின் முடிவும் நம் கையில் இருக்கும். ஆனால் ஸ்கெல்லிகே கடற்பகுதியில் வரைபடம் முழுவதும் இறைந்துகிடக்கும் கேள்விக்குறிகளைத் தேடிப் படகில் அலைந்தவர்களைக் கேட்டால், மிதக்கும் பெட்டிகளைத் தவிர அங்கே பெரும்பாலும் எதுவும் இல்லை என்பார்கள். 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' 2014இல் வெளியானபோது, ஹிண்டர்லேண்ட்ஸ் என்ற தொடக்கப் பகுதியை விட்டு விரைவில் வெளியேறுங்கள் என்பதே ஆடியவர்கள் புதியவர்களுக்குக் கூறிய முதல் அறிவுரை. அங்குள்ள சில்லறைப் பணிகளை ஒவ்வொன்றாக முடிக்க முயன்று, கதை தொடங்குவதற்கு முன்பே களைத்துப்போனவர்கள் ஏராளம். எனவே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு என் விடை இதுதான்: கூடுதல் பணிகளையும் கணக்கில் சேர்க்கலாம், அவற்றைச் செய்த பிறகு உங்கள் குழுவோ, உலகத்தைப் பற்றிய உங்கள் புரிதலோ மாறியிருக்குமானால்.

'எக்ஸ்பெடிஷன் 33' இந்த அளவுகோலில் நன்றாகவே தேறுகிறது. ஒவ்வொரு பாத்திரமும் தனக்கெனத் தனி விதிமுறையோடு போரிடுகிறது. ஒருவர் தாக்குதல் நிலை, தற்காப்பு நிலை என்று மாறிமாறி நிற்க வேண்டும். மற்றொருவர் மந்திரங்களின் வழியே வண்ணக் கறைகளைச் சேர்த்து அவற்றைச் செலவிட வேண்டும். பிக்டோஸ் என்னும் அணிகலன்களை நான்கு போர்களில் அணிந்து முடித்தால், அவற்றின் பண்பு லூமினா என்ற பெயரில் குழுவினர் அனைவருக்கும் பொதுவாகிவிடும். எதை யாருக்குப் பொருத்துவது என்ற கணக்கு கடைசி மணி நேரம்வரை ஓயாது.

கரும்புரவி:

பகடை அவர்களின் கருத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. வெற்றாக இழுப்பது தவறு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 2012இல் வந்த 'பிரேவ்லி டிஃபால்ட்' விளையாட்டின் பிற்பாதியில், ஏற்கெனவே செய்து முடித்த நான்கு படிகங்களின் பணியை மீண்டும் மீண்டும் செய்யவைத்தார்கள். கதையில் அதற்குக் காரணம் இருந்தும் பலரின் பொறுமை அங்கே உடைந்தது. ஆனால் நல்ல முடிவுகளைக் கொடுத்தால் நேரம் ஒரு பொருட்டே அல்ல என்று கூறுவது, இந்த வகை விளையாட்டில் நேரம் செய்யும் வேலையை மறந்துவிடுவதாகும்.

'பெர்சோனா 5' ஏப்ரலில் தொடங்கி ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதியை நாள்தோறும் நம்மை வாழவைக்கிறது. இன்று மாலை யாரோடு கழிப்பது, தேர்வுக்குப் படிப்பதா, மருத்துவரைப் பார்க்கப் போவதா என்று தேர்ந்தெடுக்கும் சிறு முடிவுகள், எழுபதாவது மணி நேரத்தில் அந்த நண்பர்கள் நமக்காக வந்து நிற்கும்போதுதான் கனம் பெறுகின்றன. அதே காட்சிகளை 20 மணி நேரத்தில் சுருக்கித் தந்திருந்தால் உரையாடல் மாறியிருக்காது, ஆனால் அந்த நட்பை நாம் நம்பியிருக்க மாட்டோம். நீளத்தைப் பாதியில் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1998இல் வந்த 'ஜீனோகியர்ஸ்' விளையாட்டின் இரண்டாவது டிஸ்க் இன்றுவரை சான்றாக நிற்கிறது. பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றைப் பாத்திரங்கள் நாற்காலியில் அமர்ந்து சொல்லக் கேட்கிறோமே தவிர, நாமே நடந்து சென்று காண்பதில்லை. கதை எவ்வளவு பெரியது என்பதை அங்கே அறிகிறோம், உணர்வதில்லை.

2019இல் வந்த 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்' எனக்குத் தந்த மனக்குறையும் அதுதான். எழுத்து கூர்மையானது, துணைவர்கள் ஆறு பேருமே சுவையானவர்கள். ஆனால் முதன்மைக் கதையை மட்டும் பின்தொடர்ந்தால் 15 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தத் துணைவர்களோடு பழகத் தொடங்கிய வேளையில் இறுதிக் கட்டத்துக்கான எச்சரிக்கை திரையில் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விலை என்று வகுத்துப் பார்க்கிற கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை, அதைப் பற்றிப் பேசவும் விரும்பவில்லை. நான் சொல்வது பழக்கத்தைப் பற்றி. எளியவனாகத் தொடங்கியவன் வலியவனாக ஆனான் என்பதை ஆடுகிறவர் நம்புவதற்கு ஒரு குறைந்தபட்சக் காலம் தேவைப்படுகிறது. 30 மணி நேரம் என்பது அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தனிவழியன்:

இருவருக்கும் நன்றி. கரும்புரவி கூறுவதுதான் என் உள்ளத்தில் இருந்த அச்சம். ஆனால் பகடையின் அளவுகோலும் நியாயமாகவே படுகிறது. என் சிக்கல் என்னவென்றால், கடைசிவரை புதிய முடிவுகள் வருகின்றனவா என்பதை ஆடி முடித்த பிறகுதானே அறிய முடியும்? வாங்குவதற்கு முன்பே அதைக் கணிக்க வழியுண்டா?

'மூன்றாம் சுற்று' என்ற பயனர்:

ஓரளவுக்கு உண்டு. அதற்கு முன் ஒரு வழியை விலக்கிவிடுகிறேன். ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதி இந்த வகைக்கு அதிகம் உதவாது. 'பெர்சோனா 5' விளையாட்டில் இரண்டு மணி நேரம் கழிந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விருப்பப்படி ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கக்கூட அதற்குள் அனுமதி கிடைத்திருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில் கணினியில் ஒழுங்காக ஓடுகிறதா, போர்முறை கைக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நான் வழக்கமாக ஆடியவர்களிடம் கேட்பது, கடைசியாக ஒரு புதிய விதிமுறை எப்போது அறிமுகமானது என்பதை. 'எக்ஸ்பெடிஷன் 33' விளையாட்டில் இறுதியாகச் சேரும் துணைவர் கதையின் நடுப்பகுதியில் வருகிறார். வீழ்த்திய எதிரிகளின் திறன்களைக் கற்று, அவர்களின் உருவம் கொண்டு தாக்குவது அவருடைய பாணி. அதுவரை சிந்திக்காமல் தாண்டி வந்த எதிரிகளையெல்லாம் மீண்டும் தேடத் தொடங்குவோம். அதற்கும் பிறகு, ஒரு தாக்குதலால் 9999க்கு மேல் சேதம் விளைவிக்க முடியாது என்றிருந்த வரம்பு மூன்றாம் அங்கத்தில் நீங்குகிறது. அங்கே பழைய கணக்குகள் அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும். 30 மணி நேரத்தில் இத்தனை திருப்பங்கள் அடங்கியிருப்பதால்தான் அது குறுகியதாகத் தோன்றவில்லை.

பாத்திரங்களின் வளர்ச்சி அதன் வரம்பை எட்டிவிட்டால் சுவை முடிந்தது என்றும் பொருளல்ல. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் லெவல் 12க்கு மேல் செல்ல முடியாது. நிதானமாக ஆடுகிறவர்கள் மூன்றாம் அங்கத்தின் பாதியிலேயே அதை எட்டிவிடுவார்கள். அதன்பின் அனுபவப் புள்ளிகளுக்குப் பயனில்லை. ஆனால் முதல் அங்கத்தில் யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்பதன் விளைவுகள் அப்போதுதான் வந்து சேர்கின்றன. கரும்புரவி கேட்கும் காலக்கனம் அங்கே இருக்கிறது, பகடை கேட்கும் முடிவுகளும் இருக்கின்றன. அத்தகைய விளையாட்டு அடிக்கடி வருவதில்லை என்பது வேறு செய்தி.

மேலும், ஒருமுறை முடிப்பதையே நீளம் என்று கொள்வதும் எனக்கு உடன்பாடில்லை. 1995இல் வந்த 'குரோனோ டிரிகர்' 20 மணி நேரத்தைச் சற்றே தாண்டும் விளையாட்டு. எதிரிகள் பெரும்பாலும் வரைபடத்திலேயே கண்ணுக்குத் தெரிவார்கள், எங்கிருந்தோ திடீரென்று முளைப்பது குறைவு. தேவையற்ற போர்களில் நேரம் வீணாகாததால்தான் அது அவ்வளவு சிறியது. முடித்த பிறகு அதே வலிமையோடு மீண்டும் தொடங்கி, இறுதி எதிரியைக் கதையின் வெவ்வேறு கட்டங்களில் எதிர்கொண்டால் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் கிடைக்கின்றன. 2015இல் வந்த 'அண்டர்டேல்' ஒரு நாளிலேயே முடிந்துவிடும், ஆனால் முந்தைய ஆட்டத்தில் நீங்கள் செய்ததை அது மறப்பதில்லை. 'நியர்: ஆட்டோமேட்டா' விளையாட்டில் முதன்முறை பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழுந்து போய்விட்டவர்களுக்கு நான் எப்போதும் கூறுவது, திரும்பி வந்து தொடருங்கள் என்பதே, அதன் முதன்மைக் கதையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

உங்கள் விருப்பத்தைப் பார்த்தால், நீங்கள் தேடுவது 'பெர்சோனா' தரும் அன்றாடப் பழக்கத்தை என்று நினைக்கிறேன். அதை 'எக்ஸ்பெடிஷன் 33' அதே அளவில் தராது. முகாமில் துணைவர்களோடு பேசி உறவை வளர்க்கலாம், அந்த உரையாடல்கள் நன்றாகவும் இருக்கின்றன, ஆனால் நாட்காட்டி கிடையாது, தினசரி வாழ்க்கை கிடையாது. இறுக்கமான கதையும், ஒவ்வொரு போரிலும் விழிப்போடு இருக்கவேண்டிய கட்டாயமும் உங்களுக்குப் பிடிக்குமென்றால் தாராளமாக வாங்கலாம். எதிரியின் ஒவ்வொரு அடியையும் நேரம் பார்த்துத் தடுக்கவோ விலகவோ வேண்டியிருப்பதால், இதே முறையில் 100 மணி நேரம் ஆடச் சொல்லியிருந்தால் நானே பாதியில் விட்டிருப்பேன்.

மௌனவாள்:

வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பு. மூன்றாம் அங்கத்தில் உலகம் முழுவதும் திறந்துவிடும், கூடுதல் பணிகளில் பெரும்பகுதி அங்கேதான் காத்திருக்கிறது. அவற்றையெல்லாம் முடித்துவிட்டு இறுதிப் போருக்குச் சென்றால், உங்கள் குழு மிகவும் வலுப்பெற்றிருக்கும். கதையின் உச்சகட்ட எதிரி சில நொடிகளில் வீழ்ந்துவிடுவார். அந்த ஏமாற்றத்தைச் சந்தித்தவர்கள் பலர். துணைவர்களின் தனிப்பட்ட கதைகளை மட்டும் முடித்துக்கொண்டு இறுதிப் போரை ஆடுங்கள். பிறகு பழைய சேவ் கோப்புக்குத் திரும்பி மீதமுள்ள இடங்களுக்குச் செல்லலாம். அங்குள்ள சில எதிரிகள் இறுதிப் போரைவிடப் பன்மடங்கு கடினமானவர்கள்.