ஹாம் ரேடியோ பேச்சு புரியவில்லை, எந்தச் சொற்களை முதலில் கற்பது?

நெல்லை_அலை:
வணக்கம் எல்லாருக்கும். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸின் முதல் நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓம் விதி, ரெசொனன்ஸ், ஃபில்டர் எல்லாம் கல்லூரியில் படித்தவை என்பதால் பயமில்லை, பேச்சுதான் பிடிபட மாட்டேன் என்கிறது. ராத்திரி நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் இணைய ரேடியோவான வெப்எஸ்டிஆரைத் திறந்து 40 மீட்டர் அலைவரிசைப் பகுதியில் காது கொடுத்தால் "ஃபைவ் நைன்", "கியூஎஸ்பி", "கியூஆர்எம்" என்று வரிசையாக வந்து விழுகிறது, நான் அர்த்தம் தேடி முடிப்பதற்குள் அவர்கள் 73 சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான கியூ கோடு பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், படிக்கப் படிக்க ஒன்றோடொன்று குழம்புகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? ரிப்பீட்டர் என்றால் ஆஃப்செட், டோன் என்கிறார்களே, அதையும் யாராவது விளக்கினால் நல்லது.

வால்வு_காலம்:
தம்பி, அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். கியூஎஸ்ஓ, அதாவது இரண்டு நிலையங்களுக்கு இடையே நடக்கும் ஒரு பேச்சு, எந்த நாட்டுக்காரர் பேசினாலும் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும். தடம் தெரிந்துவிட்டால் அடுத்து வரப்போகும் சொல் என்னவென்று நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

முதலில் ஒருவர் "சிக்யூ, சிக்யூ" என்று கூப்பிடுவார். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். "சிக்யூ டிஎக்ஸ்" என்றால் தூரத்து நாட்டு நிலையங்களைத் தேடுகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் அப்போது குறுக்கே போகாமல் இருப்பது மரியாதை. பதில் சொல்பவர் தன் கால்சைனை, அதாவது தன் நிலையத்தின் அடையாளக் குறியை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்து எழுத்தெழுத்தாகச் சொல்வார்: "விக்டர் யூனிஃபார்ம்" (வியூ) என்று ஆரம்பித்தால் இந்தியா, "ஃபோர் சியரா" என்றால் இலங்கை. நம்மிடம் வியூ2 ஜெனரல் கிரேடு, வியூ3 ரெஸ்ட்ரிக்டட், ஆகவே நீங்கள் பாஸ் செய்தால் வியூ3தான். ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படித்துவிடுங்கள், அதில் சொந்தக் கற்பனை வேண்டாம்.

அடுத்தது ரிப்போர்ட். ஃபைவ் நைன் என்பதில் முதல் எண் பேச்சின் தெளிவு, 1 முதல் 5 வரை. இரண்டாவது சிக்னலின் பலம், 1 முதல் 9 வரை. மோர்ஸில் ஒலியின் தரத்துக்காக மூன்றாவது எண் ஒன்று சேரும். அப்புறம் பெயர், கியூடிஎச் என்றால் இருக்கும் ஊர், பிறகு ரிக் (ரேடியோ செட்), ஆன்டெனா. கியூஎஸ்எல் என்றால் கிடைத்தது, புரிந்தது. கடைசியில் 73, நல்வாழ்த்துகள். 88 என்பது அன்பும் முத்தமும், முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் தடங்கல் வந்தால் மூன்றே மூன்று சொற்கள். ஐப்பசி மழைக்காலத்தில் நம் ஊரில் 40 மீட்டரைக் கேட்டால் மின்னலுக்கு மின்னல் படபடவென்று வெடிக்கும், அது இயற்கை தரும் இரைச்சல், கியூஆர்என். பக்கத்து அலைவரிசைக்காரர் மேலே ஏறி வந்தாலோ, வீட்டு எல்இடி பல்பு ங்ங்ங் என்று ஒரே சுருதியில் இரைந்தாலோ அது மனிதர் கிளப்புவது, கியூஆர்எம். இரைச்சல் எதுவும் இல்லாமல் எதிராளியின் குரல் மட்டும் மெல்ல அமிழ்ந்து மறுபடி மேலே வந்தால் கியூஎஸ்பி, அது அயனி மண்டலத்தின் வேலை. இந்த மூன்றையும் காதால் பிரித்துப் பழகுங்கள், எழுத்தாகப் படித்தால் நிற்காது.

மோர்ஸ்_பிரியை:
ஐயா சொன்ன தடத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். கியூ கோடு பேசுவதற்காக வந்ததே இல்லை. 1909 வாக்கில் பிரிட்டிஷ் அரசு கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் வகுத்தது, 1912 லண்டன் மாநாட்டில் சர்வதேச ஏற்பாடானது. ஒரு முழு வாக்கியத்தை மோர்ஸில் கட்டை விரலும் சுட்டு விரலும் அடித்து முடிக்க ஆகும் நேரத்தை மூன்று எழுத்து மிச்சம் பிடித்தது, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் வேறு வேறு மொழியாக இருந்தாலும் வேலை நடந்தது. பின்னால் கேள்விக்குறி போட்டால் கேள்வி, போடாவிட்டால் பதில்: "கியூடிஎச்?" என்றால் எங்கே இருக்கிறீர்கள், "கியூடிஎச் மதுரை" என்றால் மதுரையில் இருக்கிறேன். இந்த ஒரு விதி தெரிந்தால் பட்டியலில் பாதி பாரம் குறைந்துவிடும்.

மைக்கில் தமிழில் பேசும்போது "என் ஊர் மதுரை" என்று சொன்னால் போதும், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் கவலைப்படாதீர்கள். கியூஆர்எம், கியூஎஸ்பி, கியூஎஸ்ஒய் (அலைவரிசை மாறுவது), கியூஆர்பி (5 வாட், அதற்கும் கீழே) போன்றவை மட்டும் பேச்சிலும் ஊறிப்போனவை. தேர்வில் கியூ கோடு கேட்பார்கள் என்பதால் படிக்காமல் விட முடியாது, அதற்குக் கடைசி வாரம் அந்தப் பட்டியலை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

மலை_ரிப்பீட்டர்:
ஆஃப்செட் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். கையில் பிடிக்கும் செட் 5 வாட்தான், கட்டடமும் குன்றும் மறைத்துவிடும். அதனால் உயரத்தில் ஒரு நிலையம் வைத்து, அது கேட்டதை அதே நொடியில் திருப்பி அனுப்புகிறது, அதுதான் ரிப்பீட்டர். கேட்பதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் இருந்தால் தன் சத்தமே தன் காதை அடைத்துவிடும், ஆகவே இரண்டையும் தள்ளி வைக்கிறார்கள். அந்த இடைவெளிதான் ஆஃப்செட். 2 மீட்டர் பகுதியில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் 145.700 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, ஆஃப்செட் மைனஸ் என்றால், நீங்கள் பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தும்போது உங்கள் செட் 145.100-க்கு இறங்க வேண்டும். டோன் என்பது உங்கள் குரலுக்கு அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி, 88.5 ஹெர்ட்ஸ் மாதிரி. அது இருந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும், கண்ட இரைச்சலுக்கெல்லாம் விழிக்காது. ரிப்பீட்டர் இல்லாமல் ஒரே அலைவரிசையில் நேருக்கு நேர் பேசினால் சிம்ப்ளெக்ஸ். லைசென்ஸ் கையில் வரும்வரை பிடிடியைத் தொட வேண்டாம், இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

நெல்லை_அலை:
எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு கியூஎஸ்பியை முதல்முறை காதால் அடையாளம் கண்டேன், ரொம்ப சந்தோஷம். இன்னும் இரண்டு சந்தேகம். 20 மீட்டரில் எல்லாக் குரலும் வாத்து கத்துவது போல வருகிறது, 40-இல் சரியாக இருக்கிறது. அப்புறம் 40 மீட்டர் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

வால்வு_காலம்:
முதலாவது சைட்பேண்ட், அதாவது குரல் அலைவரிசையின் எந்தப் பக்கத்தில் ஏறிப் போகிறது என்பது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி (கீழ்ப்பக்கம்), மேலே யுஎஸ்பி (மேல்பக்கம்), இது பேச்சுக்கான வழக்கம் (5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் விதிவிலக்கு). 40-இல் வைத்த எல்எஸ்பியோடு 20-க்குப் போயிருப்பீர்கள். யுஎஸ்பிக்கு மாற்றிவிட்டு, குரல் மனிதக் குரலாகும்வரை அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

இரண்டாவது அலைநீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர்: 7.1-க்கு 42 வருகிறது, அதை 40 என்கிறோம், 145-க்கு 2. இது ஆன்டெனா கட்டும்போதும் கைகொடுக்கும். டைபோல் (நடுவில் பிரிந்த இரு கைக் கம்பி ஆன்டெனா) இதில் பாதி நீளம், கம்பியில் கொஞ்சம் குறையும், ஆகவே 7.1-க்குச் சுமார் 20 மீட்டர், நடுவில் கோஆக்ஸ் கேபிளைச் சேர்த்து இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். கட்டிய பிறகு எஸ்டபிள்யூஆர் என்ற சொல் வரும், அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு. 1.5-க்குள் இருந்தால் நிம்மதியாகப் பேசலாம், 3-ஐத் தாண்டினால் அனுப்பாதீர்கள், முதலில் கம்பியின் நீளத்தையும் இணைப்புகளையும் பாருங்கள். மொட்டை மாடியில் பத்து மீட்டர் இரு பக்கமும் இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்து வையுங்கள், இல்லையென்றால் இன்வர்டட் வியாக (நடு உயர்ந்து இரு முனையும் தாழ்ந்த வடிவில்) கட்டுவது பற்றிப் பேசுவோம்.