கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் எலும்பில் ‘புதியது’ என்கிறது ரிப்போர்ட்

கணவருக்கு 58 வயது, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மார்ச்சில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்றார்கள். கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ‘எக்ஸான் 19 டெலிஷன்’ என்ற மாற்றம். ஏப்ரலிலிருந்து அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஆசிமெர்டினிப் மாத்திரை 80 மி.கி., தினம் ஒன்று. இருப்பது மதுரையில்.

மூன்றாம் மாத பெட் சி.டி. வியாழக்கிழமை வந்தது. வலது மேல் மடல் கட்டி 4.1 செ.மீ.யிலிருந்து 2.3. கட்டி எவ்வளவு தீவிரமாக இயங்குகிறது என்று காட்டும் எஸ்.யு.வி. அளவு 11-லிருந்து 3. அதுவரை படித்துவிட்டுச் சந்தோஷமாக அவரிடம் நீட்டினேன். அடுத்த பக்கத்தில்தான் இருந்தது: முதுகெலும்பில் எல்2 என்ற இடுப்புப் பகுதி எலும்பில் ‘புதிய ஸ்க்ளீரோட்டிக் லீஷன்’, அதாவது எலும்பு இறுகி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் இடம். அந்த இடத்தில் எஸ்.யு.வி. ஏற்றம் இல்லை என்றும் போட்டிருக்கிறது. முதுகுவலி கிடையாது. இருமல் குறைந்து, 3 கிலோ எடையும் கூடியிருக்கிறது.

ஸ்கேன் சென்டரில் கேட்டால் டாக்டரிடம் பேசுங்கள் என்கிறார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் 12 நாள். பழைய சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டும் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல்தான். மருந்து கேட்டு எலும்பு ஆறும்போதும் இப்படி வெள்ளையாகத் தெரியலாம் என்று படித்தேன். இந்த எலும்பு விஷயத்தைக் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இதே மருந்தில் முதல் ஸ்கேனில் எலும்பில் இப்படிப் புதிதாகத் தெரிந்து, அடுத்த ஸ்கேனில் அது ஆறிய தழும்புதான் என்று உங்களில் யாருக்காவது உறுதியானதா?